பழைய துறைமுகத்தைப் பொழுதுபோக்குக் கரையாக மாற்றும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். நகரத்தின் நடுவே இருக்கும் பழைய துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் வருவது அநேகமாக நின்றுவிட்டது. அந்த இடத்தில் நடைபாதை, பூங்கா, உணவகங்கள், மீன் காட்சியகம், ஒரு ராட்சத ராட்டினம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். படங்கள் அழகாக இருக்கின்றன. இதனால் பொதுமக்களுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, அல்லது படத்தைக் காட்டி நிலத்தைக் கைமாற்றும் வேலையா என்பது அவருடைய சந்தேகம். இரண்டுமே நடந்த ஊர்கள் உண்டு. ஒரே ஊரில் இரண்டும் சேர்ந்தே நடந்ததும் உண்டு. ஆகவே திட்ட அறிக்கை கைக்கு வந்தால் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்பதுதான் அவர் உண்மையில் கேட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கட்டுமானப் பொறியாளன். கரைச்சுவர்களையும், தண்ணீருக்குள் நீளும் துறைமேடைகளான ஜெட்டிகளையும் ஆய்வு செய்வது, பழுதுபார்ப்பது என் தொழில். பின்னாளில் இப்படி உருமாறும் துறைமுகங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையும் சேர்ந்துகொண்டது. அதனால் என் பதில் கல், சேறு, பத்திரம் பக்கமாகத்தான் சாயும். எந்தக் கடை ஓடும், எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்பது என் துறை இல்லை. என் அபிப்பிராயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: கரையின் மேல் என்ன கட்டப்போகிறார்கள் என்பது கடைசிக் கேள்வி. கரைச்சுவர் எந்த நிலையில் இருக்கிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது, நிலம் யார் பெயரில் இருக்கப்போகிறது என்ற மூன்றும்தான் முதலில் வர வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் வரிசை தலைகீழாக இருக்கும்.

இந்த இடங்கள் எப்படிக் காலியாயின என்று தெரிந்தால் மற்றது எளிதில் புரியும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 கன்டெய்னர்களோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மூட்டையும் பெட்டியுமாக ஆட்கள் நாள்கணக்கில் ஏற்றி இறக்கிய வேலை, அதன் பிறகு படிப்படியாகச் சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. கன்டெய்னர் கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். கரைக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்கப் பரந்த வெற்றுநிலம் வேண்டும், ரயிலும் நெடுஞ்சாலையும் வேண்டும். நகர நடுவிலிருந்த பழைய துறைமுகங்களில் இவற்றில் எதுவும் இல்லை. லண்டனில் ஈஸ்ட் இந்தியா டாக் (டாக் என்பது கப்பல் நிற்க வெட்டிய மூடிய நீர்த்தேக்கம்) 1967ல் மூடப்பட்டது. 1981ல் ராயல் டாக்ஸும் மூடியாயிற்று. சரக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, தேம்ஸ் ஆற்றில் கடலை நோக்கிக் கீழே இருக்கும் டில்பரிக்குப் போய்விட்டது. துறைமுகம் செத்துவிட்டது என்று பேசுவது தவறு. அது இடம் மாறியது, வேலையாட்கள்தான் அப்படியே நின்றார்கள். மிஞ்சிய நிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நகரத்தின் மையத்தில் இருக்கும், ஒரே உரிமையாளரிடம் இருக்கும், தலைமுறைகளாக வேலிக்குப் பின்னால் இருந்ததால் ஊர்க்காரர்களுக்கே அது தங்கள் இடம் என்ற நினைப்பு இருக்காது. எளிதில் கைமாறுவது இப்படிப்பட்ட நிலம்தான்.

பொழுதுபோக்குக் கரை என்றதும் எல்லோரும் காட்டும் முன்மாதிரி அமெரிக்காவின் பால்டிமோர். ஜேம்ஸ் ரௌஸ் என்ற கட்டுமான முதலாளி 1980ல் அங்கே ஹார்பர்ப்ளேஸ் என்ற இரட்டைக் கடைவளாகத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டே மீன் காட்சியகம் வந்தது. உலகம் முழுக்க மேயர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையே தங்கள் ஊரில் கட்டச் சொன்னார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளில் கடைகள் ஓய்ந்து, 2019ல் அந்த வளாகம் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் (சொத்தை நிர்வகிப்பவர்) கைக்குப் போனது. இப்போது இடித்துவிட்டு வேறு கட்டத் திட்டம். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கரை நகரத்தின் பொதுநிலம். அதனால் 1978ல் கடைகட்ட அனுமதி கேட்டபோதும் வாக்கெடுப்பு நடந்தது, 2024 நவம்பரில் புதிய திட்டத்துக்கும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் திட்டக்காரர்களே ஜெயித்தார்கள். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது. கட்டியது சீக்கிரமே ஓய்ந்துபோவதில் சிட்னியின் டார்லிங் ஹார்பரும் இதே கதைதான். 1988ல் கோலாகலமாக விட்ட மோனோரயில் 2013ல் நின்றது. மோனோரயிலோடு 1988ல் திறந்த மாநாட்டு மையத்தை இடித்துவிட்டு 2016ல் புதியது கட்டினார்கள். கடை, ராட்டினம், காட்சியகம் எல்லாவற்றுக்கும் ஆயுள் 25, 40 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கரைச்சுவர் நூறாண்டைத் தாண்டும். பத்திரம் அதையும் தாண்டும்.

இனி சுவர். இங்கே கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'சரக்கு தாங்கிய கரை மனிதர்களைத் தாங்காதா' என்று பொதுக்கூட்டங்களில் கேட்பார்கள். கணக்குப்படி அது சரியான கேள்விதான். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ என்று வடிவமைப்போம். பழைய சரக்குத்துறைகள் பலவும் சதுர மீட்டருக்கு 2 முதல் 5 டன் வரை தாங்கும்படி கட்டப்பட்டவை. ஆனால் அது கட்டிய நாளில் இருந்த பலம். இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்பதுதான் விஷயம். கல் கட்டுமானச் சுவரில் மூட்டுகளின் சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும். ஒவ்வொரு ஏற்றவற்றத்துக்கும் கடல்நீர் அந்தச் சந்து வழியாக உள்ளே போய் வெளியே வரும். வரும்போது பின்னால் நிரப்பிய மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வரும். மேலே தளக்கல் பாலம் போல நிற்கும், கீழே ஆள் படுக்கும் அளவுக்குக் குழி. வெளியே தெரியும் அறிகுறி ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தளம் லேசாக உள்வாங்கி, மழை விட்ட பிறகும் அங்கே மட்டும் தண்ணீர் நிற்பது. அதை அழகுபடுத்தும் வேலையில் புதுக் கிரானைட் போட்டு மூடிவிடுவார்கள். சில ஆண்டில் அதே இடத்தில் பூந்தொட்டி கவிழும், அல்லது தீயணைப்பு வண்டியின் சக்கரம் இறங்கும்.

எஃகுத் தகடுகளை வரிசையாக மண்ணில் அறைந்து கோத்த ஷீட் பைல் சுவராக இருந்தால் சங்கடம் வேறு. அதில் மிகவும் அரிக்கப்படும் இடம் கண்ணில் படாத இடம்: தண்ணீர் மிகவும் வற்றும்போது எங்கே நிற்குமோ அந்த மட்டத்தை ஒட்டிய பட்டை. அங்கே சில பாக்டீரியாக்கள் குடியேறினால் சாதாரணத் துருவைவிடப் பல மடங்கு வேகமாக எஃகைத் தின்கின்றன. ஆரஞ்சு நிறப் படலத்தைச் சுரண்டினால் கீழே கருப்புச் சேறு, அதையும் துடைத்தால் பளபளவென்று அரிபட்ட உலோகம். இதை மேலே நின்று படம் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது, மூழ்குநர் இறங்கித்தான் பார்க்க வேண்டும். மரத்தூண்களை (மரப் பைல்) நட்ட ஜெட்டிகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. நியூயார்க் துறைமுகத்தின் தண்ணீர் பல பத்தாண்டுகள் சாக்கடையாக இருந்தவரை மரம் துளைக்கும் கடற்புழுக்கள் அங்கே பிழைக்கவில்லை. 1972ல் தூய நீர்ச் சட்டம் வந்து தண்ணீர் தெளியத் தெளிய அவை திரும்பி வந்தன. புரூக்ளின் பாலத்தடியில் பழைய ஜெட்டிகளின் மேல் பூங்கா அமைத்தவர்கள், அடியிலிருக்கும் ஆயிரக்கணக்கான மரப் பைல்களுக்கு உறை போட்டுக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய செலவில் இது ஆரம்பத்தில் யார் மனதிலும் இருந்திருக்காது. ஆகவே அறிக்கையில் நான் முதலில் தேடுவது மூழ்குநர் ஆய்வின் தேதி. அது இல்லை என்றால், அல்லது பத்து வருடம் பழையது என்றால், அதற்குப் பிறகு வரும் செலவுக் கணக்கு எதையும் நம்பாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். மூடிய டாக்குகளில் தண்ணீர் ஓடாது. தேங்கினால் கோடையில் பாசி பொங்கும், மீன் சாகும், நாறும். காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர் மூலையில் பாட்டில், பிளாஸ்டிக், எண்ணெய்ப் படலம் எல்லாம் போய்ச் சேரும். அந்த மூலை எது என்று வாட்ச்மேனைக் கேட்டால் உடனே சொல்வார். ஆனால் வெயில் படும் திசை நன்றாக இருக்கிறது என்று வரைபடத்தில் அங்கேதான் திறந்தவெளி உணவகம் வரைந்திருப்பார்கள். அடியிலிருக்கும் வண்டல் இன்னும் பெரிய தலைவலி. கப்பலடியில் கிளிஞ்சல் ஒட்டாமலிருக்கப் பூசிய டிரைபியூட்டைல் டின் என்ற நச்சு கலந்த பெயிண்ட், செம்பு, பாதரசம், கரித்தார் எல்லாம் அதில் படிந்திருக்கும். அந்தப் பெயிண்டுக்குச் சர்வதேசத் தடை 2001ல் ஒப்பந்தமாகி 2008ல்தான் அமலுக்கு வந்தது. சேறு அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. வாரி எடுப்பதா, கலக்காமல் மேலே சுத்தமான மணலைப் பரப்பி மூடுவதா என்பது ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனி விவாதம். வாரினால் கலங்கும், வாரியதைக் கொட்ட இடம் வேண்டும். மூடினால் பின்னாளில் எந்தப் படகின் விசிறியும் அதைக் கிளறக் கூடாது. எது சரி என்று வண்டல் மாதிரியைப் பார்க்காமல் யார் அடித்துச் சொன்னாலும் சந்தேகப்படுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, சாக்கடையை நிறுத்தாமல் கரையை அழகுபடுத்துவது வீண் என்பது. கோபன்ஹேகனில் 2002ல் துறைமுகத்துக்கு நடுவே மக்கள் குளிக்க இடம் திறந்தார்கள்; படங்களில் எல்லோரும் பார்ப்பது அந்த மரத்தளத்தைத்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மழைக்காலத்தில் பொங்கும் கழிவுநீரைத் தேக்கிவைக்க நிலத்தடித் தொட்டிகள் கட்டியதுதான் அசல் வேலை. இன்றைக்கும் பெருமழை பெய்து கழிவுநீர் கலந்தால் குளிக்கும் இடத்தை மூடிவிடுவார்கள். பாஸ்டன் துறைமுகத்தை நீதிமன்றம் தலையிட்டுத்தான் சுத்தம் செய்யவைத்தது. டீர் தீவுச் சுத்திகரிப்பு நிலையமும், கழிவைச் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விடும் சுரங்கக் குழாயும் 2000ல் முழுமையடைந்தன. அங்கே கரையோர நிலம் விலையேறியதற்கு இந்தக் குழாய் எவ்வளவு காரணம் என்று யாரும் பலகை வைக்கவில்லை. ஸ்பெயினின் பில்பாவோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1997ல் வந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தை மட்டும் சொல்வார்கள். அந்த ஆற்றைச் சாக்கடையிலிருந்து மீட்கும் திட்டம் 1979லேயே தீட்டப்பட்டது. பளபளக்கும் ஒரு கட்டடம் ஊரைத் தூக்கி நிறுத்திவிட்டது என்ற கதையை நான் பாதிதான் நம்புகிறேன்.

கடல்மட்டம் பற்றி ஜெர்மனியின் ஹாம்பர்க்கைப் பார்க்கலாம். 1962 பிப்ரவரி வெள்ளத்தில் அந்த நகரத்தில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். பின்னர் 157 ஹெக்டேர் பழைய துறைமுகத்தை ஹாஃபன்சிட்டி என்ற பகுதியாக மாற்றியபோது, அந்த நிலம் வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருந்தது. புதிதாகச் சுவர் எழுப்பினால் தண்ணீரே தெரியாது. அதனால் கட்டடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8, 9 மீட்டர் மேட்டில் வைத்தார்கள். நீரோர நடைபாதைகளைத் தாழ்வாகவே விட்டுவிட்டார்கள். வருடத்தில் சில நாள் அவை மூழ்கும், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிடுவார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 'இந்த இடம் நனையும்' என்று ஒத்துக்கொண்டு வடிவமைத்தால் பெஞ்ச், விளக்கு, மின்பெட்டி எல்லாவற்றையும் அதற்கேற்றபடி வைக்கலாம். எவ்வளவு உயரத்துக்கு வடிவமைப்பது என்பதில் மட்டும் திட்டவட்டம் கிடையாது. 2100க்குள் உலகச் சராசரிக் கடல்மட்டம் உயரும் அளவை, வாயு உமிழ்வு மிகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீட்டர் என்றும், மிக அதிகமானால் 0.63 முதல் 1.01 மீட்டர் என்றும் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை கணித்தது. பனிப்பாளங்கள் எதிர்பாராமல் நடந்துகொண்டால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்றது. ஆகவே ஒரே எண்ணை எழுதி முடித்துவிட்ட அறிக்கையைவிட, 'பிற்பாடு இன்னும் அரை மீட்டர் உயர்த்த இப்படி இடம் விட்டிருக்கிறோம்' என்று சொல்லும் அறிக்கை மேல்.

இப்போது நிலம் யார் பெயரில் என்பதற்கு வருவோம். விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் முப்பது வருடம் கழித்துத்தான் உறைக்கும். நியூயார்க்கின் பேட்டரி பார்க் சிட்டி ஹட்சன் ஆற்றோரத்தைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். கட்டடங்கள் தனியாருடையவை, நிலம் அரசு ஆணையத்திடமே இருக்கிறது, வாடகை வருகிறது, நீரோர நடைபாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பியூனஸ் அயர்ஸின் புவெர்ட்டோ மடேரோவில் 1989ல் அமைத்த அரசு நிறுவனம் நிலத்தை விற்றே சாலை, பூங்கா எல்லாம் போட்டது. வேலை வேகமாக நடந்தது, செங்கல் கிடங்குகள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அது அந்த நகரத்தின் மிக விலையுயர்ந்த வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டது. கையில் காசில்லாத அரசு விற்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு குறைசொல்ல மாட்டேன். விற்றே ஆக வேண்டுமென்றால் உள்பக்க மனைகளை விற்கட்டும். தண்ணீரிலிருந்து குறைந்தது 20, 30 மீட்டர் அகலப் பட்டையை ஒருபோதும் விற்கக் கூடாது. இது என் பிடிவாதம், ஆனால் ஆதாரமில்லாத பிடிவாதம் அல்ல. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏற்றவற்ற நிலத்தில் பொதுமக்களுக்கு உள்ள உரிமையைக் காக்கும் சட்டம் 1866ல் தொடங்குகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு 1965ல் அமைத்த ஆணையம், கரையிலிருந்து 100 அடிக்குள் எது கட்டினாலும் முடிந்த அளவு மக்களுக்கு வழி விட்டாக வேண்டும் என்று இன்றுவரை கேட்கிறது. சட்டம் முதலில் இருந்ததால் திட்டக்காரர்கள் அதற்கேற்ப வரைந்தார்கள்.

பத்திரத்தில் 'பொதுவழி' என்று இருந்தாலும் போதாது. உணவகத்தின் மேசை முதல் ஆண்டு சுவரோரம் இருக்கும், மூன்றாம் ஆண்டு நடைபாதையின் பாதிக்கு வந்திருக்கும், அப்புறம் ஒரு கயிறு கட்டுவார்கள். சீருடைக்காரர் ஒருவர் வந்து 'இங்கே உட்காரக் கூடாது' என்பார். பொதுவழியின் அகலம் எத்தனை மீட்டர், எத்தனை மணி வரை திறந்திருக்கும், எதுவும் வாங்காமல் உட்கார இருக்கை உண்டா, தூண்டில் போடலாமா, கூட்டம் கூடலாமா, காவலர்கள் யாருடைய ஆட்கள் என்பதெல்லாம் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நிழலும் கழிவறையும்கூட. பாட்டியும் பேரனும் இரண்டு மணி நேரம் காசு செலவழிக்காமல் இருக்க முடிகிற இடமா என்று பாருங்கள். 'பொது' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல சோதனை அதுதான்.

அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதில் பலர் கோட்டை விடுவார்கள். துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே லாரிச் சாலை, ரயில் பாதை, சில ஊர்களில் மேம்பாலம் கிடக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் எம்பார்கடெரோ மேம்பாலம் 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்து 1991ல் இடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் கரை ஊரோடு சேர்ந்தது, 1898ல் கட்டிய படகுத்துறைக் கட்டடம் 2003ல் சந்தையாகத் திறந்தது. ஜெனோவாவில் ரென்சோ பியானோ 1992ல் பழைய துறைமுகத்தை அருமையாக மாற்றியமைத்தார். ஆனால் ஊருக்கும் கரைக்கும் நடுவே 1965ல் போட்ட மேம்பாலம் இன்னும் நிற்கிறது, மக்கள் அதனடியில் புகுந்துதான் வருகிறார்கள். கரையில் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைச் சாலையைக் கடப்பதற்குச் செலவிட்டால் பலன் கூடுதல். ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாதே.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொழில்களைப் பற்றிக் கேட்டவர் எழுதவில்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். காலியாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட பெரும்பாலான துறைமுகங்களில் மீன்பிடிப் படகுகள், கப்பலை இழுக்கும் டக் படகுகள், ஒரு சிறிய பழுதுபார்க்கும் தளம், வலை பின்னுகிறவர்கள் என்று யாராவது இருப்பார்கள். கேப் டவுனில் 1988லிருந்து உருவான வாட்டர்ஃப்ரண்டில் மீன்பிடிக் கப்பல்கள் இன்றும் வந்து கட்டுகின்றன. 1882ல் திறந்த ராபின்சன் உலர்துறையில் தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடியைச் சுரண்டுவதைக் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். வான்கூவரின் கிரான்வில் தீவில் 1979ல் சந்தை திறந்த பின்னும் பக்கத்திலேயே கான்கிரீட் ஆலை தொடர்ந்து ஓடியது. இவை தானாக நிலைக்கவில்லை. உல்லாசப் படகுக்காரர் கொடுக்கும் கட்டணத்தை மீனவரால் கொடுக்க முடியாது. விலைக்கு விட்டால் இரண்டே பருவத்தில் மீன்படகு வெளியேறிவிடும். அவர்களுக்குக் கரை மட்டும் போதாது. விடிவதற்கு முன் லாரி வந்து நிற்க இடம், ஐஸ், டீசல், வலை உலர்த்தத் தளம் எல்லாம் வேண்டும். அதில் ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றவை பயனில்லை. புது அடுக்குமாடிக்குக் குடிவந்தவர் விடிகாலை மூன்று மணி டீசல் இன்ஜின் சத்தத்துக்குப் புகார் கொடுப்பார், புகாருக்குத்தான் மதிப்பு இருக்கும். ஆகவே குடியிருப்பு கட்டுகிறவரே சத்தத்தைத் தடுக்கும் ஜன்னல் போட வேண்டும், வாங்குகிறவர் துறைமுகச் சத்தத்தை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விதி வேண்டும். மாசசூசெட்ஸ் 1978லிருந்து சில கரைகளைத் துறைமுகத் தொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. வீடு கட்டுவோர் அதைத் தளர்த்தச் சொல்லி முட்டுவது ஓயாது. ஆழமான தண்ணீரை ஒட்டிய தொழிற்கரை ஒருமுறை போனால் திரும்ப வராது என்பதால் நான் ஒதுக்கீட்டின் பக்கம்.

சின்னதாக ஒரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. துறைமுகச் சுவர் தண்ணீரிலிருந்து செங்குத்தாக இரண்டு மூன்று மீட்டர் எழும். விழுந்தவர் எவ்வளவு நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் பிடிக்க ஒன்றும் இல்லை. கைப்பிடிக் கம்பி வேண்டுமா வேண்டாமா என்று கட்டடக் கலைஞர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். அதைவிட முக்கியம், வற்றமட்டத்துக்கும் கீழே போகும் ஏணிகள், இருட்டில் அவை தெரியும் நிறம், மிதவை வளையங்கள். பழைய ஏணிகள் துருப்பிடித்து அழகைக் கெடுக்கின்றன என்று கழற்றிவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துவிடுகிறேன். 'இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு' என்று அறிக்கையில் இருக்கும் எண் புதிய வேலைகளா, ஊரின் இன்னொரு மூலையிலிருந்து இடம் மாறியவையா என்று பிரித்திருக்க மாட்டார்கள், பிரிப்பதும் கடினம். வீட்டு விலை ஏறியதில் கரையின் பங்கு எவ்வளவு, ஊரே ஏறியதன் பங்கு எவ்வளவு என்பதிலும் பொருளாதார நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெயர் சொல்லும் ஒரு பிரம்மாண்டக் கட்டடம் தேவையா என்பதும் அப்படித்தான். ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கத்துக்கு அரசின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கினார்கள், மொத்தச் செலவு 866 மில்லியனில் முடிந்தது. பழைய கிடங்கின் மேல் அரங்கத்தை ஏற்றியதால், அடியில் நூற்றுக்கணக்கான புதிய பைல்களும் இறக்க வேண்டியிருந்தது. 2017ல் திறந்த பிறகு மக்கள் குவிகிறார்கள், ஊருக்குப் பெருமை. அந்தப் பணத்துக்கு அது ஈடா என்று என்னைக் கேட்டால், ஒரு ஹாம்பர்க்வாசி சொல்லும் பதிலுக்கு மேல் என் பதிலுக்கு எடை கிடையாது. பழைமை விஷயத்திலும் நியாயம் இரு பக்கமும் உண்டு. லிவர்பூலின் ஆல்பர்ட் டாக் 1846ல் திறந்து 1972ல் மூடி, வண்டல் நிரம்பிக் கிடந்து, 1980களில் மீட்கப்பட்ட அருமையான உதாரணம். அதே ஊர் 2004ல் பெற்ற யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதியை, கரையில் வந்த புதிய கட்டடங்களால் 2021ல் இழந்தது. ஊர்க்காரர்களில் பலர் அதற்காக அழவில்லை, புது விளையாட்டரங்கம் முக்கியம் என்றார்கள்.

திட்டத்தின் கட்டங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். அடுக்குமாடி முதல் கட்டத்திலும் பூங்கா மூன்றாம் கட்டத்திலும் இருந்தால், மூன்றாம் கட்டம் வராமல் போகும் வாய்ப்பே அதிகம். லண்டனின் கேனரி வார்ஃபைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனமே 1992ல் திவாலானது, அங்கே போகும் ஜூபிலி ரயில் பாதை 1999ல்தான் வந்தது. பாதுகாப்பான ஒரு பகுதியில் வேலியை முதல் ஆண்டிலேயே திறந்து, பெஞ்சும் விளக்கும் மட்டும் போட்டு மக்களை நடக்கவிடச் சொல்லிக் கேளுங்கள். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், காற்று எங்கே தாங்க முடியாது, குப்பை எந்த மூலையில் சேர்கிறது என்பதெல்லாம் ஓராண்டில் தெரிந்துவிடும், பெரிய செலவும் இல்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: மூழ்குநர் ஆய்வறிக்கை, பொதுப்பட்டையின் எல்லையைக் காட்டும் சர்வே வரைபடம், கரைச்சுவர் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் யார் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்ற பக்கம். மூன்றாவதை 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்று எழுதியிருந்தால், எழுந்து நின்று அந்த வரியைச் சத்தமாகப் படியுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் மேடையில்தான் இருப்பார்.